முன்தேதி

பள்ளத்தூரில் யாருக்கும் தெரியாது
என் வேலை என்னவென்று.
"டெல்லியில, சட்டப் பிரிவு" என்பேன்.
"அப்ப நம்ம கண்மாய்க்கரை பட்டாவைக் கொஞ்சம் பாரேன்"
என்பார் வயிரவன் அண்ணன், ஒவ்வொரு கல்யாணத்திலும்.
அதோடு முடிந்துவிடும்.
யார் வீட்டுப் பேச்சை யார் கேட்கலாம்,
எத்தனை நாள் கேட்கலாம் என்று
எழுதிக் கொடுப்பவள் நான் என்பதை
எந்தப் பந்தியில் உட்கார்ந்து சொல்வது?

இந்த வீட்டுக்கு அந்தக் கவலையில்லை.
வளவில் ஒருவர் இருமினால்
பதினாலு பங்காளி அறைக்கும் கேட்கும்.
அனுமதி வேண்டாம்.

புதன்கிழமை, பத்தாம் தேதி, இரவு பதினொன்றரை.
விடிந்தால் முகூர்த்தம்.
இரண்டாம் கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.
மாடியில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில்தான்
சிக்னல் கிடைத்தது.
சக்லானி எப்போதும்போல் வானிலையில் தொடங்கினார்.
பிறகு,
"அந்தக் கோப்பு, மேடம்.
ஒன்பதாம் தேதி என்று இருந்தால் போதும்.
கையெழுத்து திங்கட்கிழமை வந்து போடுங்கள்.
இப்போது வாயால் ஒரு சரி."

அவசரமென்றால் முதலில் கேட்டுவிடலாம்.
ஏழு நாளுக்குள் உத்தரவு வாங்க வேண்டும்.
வாங்காவிட்டால்
கேட்டதெல்லாம் கேட்காதது.
விதியை எழுதியவர்
மனுஷக் காதைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

ஏழு நாள் நேற்றோடு முடிந்தது.
நாற்பத்தொரு பக்கம்.
கிளம்பும் முன் படித்துவிட்டேன்.
ஏதோ ஓர் ஊரில் ஒரு சிமென்ட் வியாபாரி.
மகளுக்குக் கணக்கில் முப்பத்திரண்டு மார்க்.
மாமியாருக்கு முழங்கால்.
ஒரு மச்சான், திருப்பித் தராத எண்பதாயிரம்.
தினமும் மதியம் மனைவி கூப்பிட்டு
"சாப்பிட்டாச்சா?"
சாயங்காலம் அவர் கூப்பிட்டு
"நீ சாப்பிட்டியா?"
தட்டச்சு செய்தவர் ஒன்றைக்கூட விடவில்லை.
இருபத்தாறாம் பக்கத்தில் மட்டும்
"வெள்ளிக்கிழமை சரக்கு வந்துடும், ஆள் அனுப்ப வேண்டாம்."

அந்த ஒரு வரிதான் சக்லானிக்கு வேண்டும்.
சரக்கு சிமென்டாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

"ஒரே ஒரு நாள், மேடம்."

"முடியாது.
இன்றைய தேதியில் புதிதாகக் கேளுங்கள், பார்க்கிறேன்.
பழையதை அழித்துவிட்டு
அழித்தோம் என்று எழுதி அனுப்புங்கள்."

"வெள்ளிக்கிழமை ஏதாவது நடந்தால்?"

கீழே யாரோ கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தார்கள்.
வெங்காயம்தான்.

"நடந்தால் என் பெயரை எழுதுங்கள்.
அதற்கும்
அன்றைய தேதியையே போடுங்கள்."

வைத்தபிறகுதான் கவனித்தேன்,
தொட்டியின் விளிம்பை
இடதுகை அழுத்திப் பிடித்திருந்தது.

காலையில் இசைகுடிமானம் எழுதினார்கள்.
வருஷம், மாதம், கிழமை,
இரண்டு ஊர், இரண்டு கோயில்.
திருப்பூட்ட நேரமாகிவிட்டது.
நல்ல நேரம் ஆறுக்குள்,
கடிகாரத்தில் ஆறு பத்து.
"ஆறுக்குள்ளன்னே இருக்கட்டும்ப்பா" என்றார் சித்தப்பா.
எழுதுகிறவர் என்னைப் பார்த்தார்.
"உமையா ஆச்சி, சட்டப்படி தப்பில்லையே?"
எல்லோரும் சிரித்தார்கள்.

பத்து நிமிஷம்.
பெண்ணின் கழுத்தில் வியர்வை.
மாப்பிள்ளை எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்பில்லை" என்றேன்.

இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று
இருபத்தெட்டு வருஷமாக
இளம் அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்கிறேன்.

ஏழரைக்கு வந்த செய்தியில் ஒரே சொல்:
அழிக்கப்பட்டது.
எந்த இயந்திரத்திலும் இனி அது இல்லை.
தேனம்மை பின்னாலிருந்து தோளைத் தொட்டாள்.
கையில் கவுனி அரிசிக் கிண்ணம்.
"சாப்பிட்டாச்சா?"

திடுக்கிட்டுத் திரும்பினேன்.
அது அவள் குரல்தான்.
எத்தனையாவது பக்கம் என்று
ஒரு கணம் தேடிவிட்டேன்.

"இன்னும் இல்லை."

இன்று வியாழன்.